மலைக்கு வண்டி எடுக்கும் முன்: வானிலை, பாதை குறித்து சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "நாளைக்கு ஏற்காடு போறோம். மழை இருக்குமா?" அடிக்கடி மலைக்குப் போய்வருகிறவன் என்பதால் கேள்வி என்னிடம் வந்து நிற்கும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப டைப் செய்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

சென்னையில் வெயில் கொளுத்துகிறது. மலையிலும் வானம் தெளிவாகத்தானே இருக்கும்?

இருக்காது. முதலில் மறக்க வேண்டியது நம் மொட்டைமாடியிலிருந்து தெரியும் வானத்தைத்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மேற்குத் தொடர்ச்சி மலை அந்த மேகத்தைத் தடுத்துத் தன் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலான மழையை வாங்கிக்கொள்கிறது. நாம் இங்கே வியர்த்துக்கொண்டிருக்கும்போது கூடலூர், பந்தலூர், வால்பாறை எல்லாம் நனைந்துகொண்டிருக்கும். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழ். வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து வருவதால் கிழக்கு பார்த்த சரிவுகள் நனையும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி வட்டாரத்தில் நடந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதனால் "நீலகிரியில் மழையா?" என்று மொத்தமாகக் கேட்பதில் பயனில்லை. ஒரே மாவட்டத்துக்குள் கூடலூருக்கு ஒரு பருவம், குன்னூருக்கு வேறு பருவம்.

ஏப்ரல், மே மாதங்களில் வெப்பச்சலன மழை. காலையில் பளிச்சென்று இருக்கும்; மதியம் இரண்டு மணிக்கு மேல் திடீரென்று இருட்டி, இடியோடு ஒரு மணி நேரம் அடித்துத் தள்ளும். கோடை விடுமுறையில் போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் மழைக் கவலை குறைவு. ஆனால் ஜனவரியில் ஊட்டியின் விடியற்காலை உறைபனிக்கு மெரினாவில் போட்டுக்கொள்ளும் டீ-ஷர்ட் தாங்காது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி இருப்பது 2,240 மீட்டர் உயரத்தில்.

எத்தனை நாள் முன்பிருந்து பார்க்க வேண்டும்?

ஐந்து நாள் முன்பு ஒரே ஒரு விஷயம் பார்த்தால் போதும்: வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி ஏதாவது உருவாகிறதா? உருவாகிறது என்றால் புக்கிங்கை அவசரப்பட்டு உறுதி செய்யாதீர்கள். கிளம்பும் முந்தின நாள் மாவட்ட வாரியான எச்சரிக்கை. கிளம்பும் அன்று அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்பு. அப்புறம் அடிவாரத்தில் ஒரு டீ குடித்துக்கொண்டே இறங்கி வருகிறவர்களிடம் விசாரிப்பு.

இது எல்லோரும் செய்வதுதான். பலர் செய்யாதது, பின்னோக்கிப் பார்ப்பது. கடந்த மூன்று நாளில் அந்த மலையில் எவ்வளவு பெய்தது? இனி பெய்யப்போகும் மழையைவிட, ஏற்கெனவே பெய்து மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும் மழைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

மழை நின்று வெயில் வந்துவிட்டது. இன்னும் என்ன பயம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மலைப்பாதை என்பது சரிவைக் குடைந்து போட்ட பாதை. மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக்கொடுத்த காலை வெட்டிவிட்டுத்தான் தார் போட்டிருக்கிறோம். மழைநீர் மண்ணுக்குள் இறங்க இறங்க அதன் எடை கூடுகிறது. மண் துகள்களுக்கு நடுவே நீரின் அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி தளர்கிறது. பாறைகளுக்கு நடுவில் இருந்த மண் கரைந்துபோய், பாறை பிடிமானமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மேலே பெய்வது நின்றாலும் உள்ளே நீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால் மழை விட்ட அன்றோ, அதற்கு அடுத்த நாளோ கூட பாறை உருளலாம்.

ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சென்னையில் நாம் "அப்பாடா, தப்பித்தோம்" என்றோம். அடுத்த நாள் டிசம்பர் 1 சாயங்காலம் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளின் மேல் இறங்கி ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மலை மட்டும் இல்லை, விழுப்புரம் அருகே அரசூரில் வெள்ளம் ஏறி சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டானது. அந்தத் திங்கட்கிழமை "இங்கதான் மழை விட்டாச்சே" என்று தாம்பரம் தாண்டியிருந்தால், மலையைப் பார்க்கும் முன்பே நடுவழியில் நின்றிருப்போம்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. என் கணக்குதான், யாரும் சட்டமாகப் போட்டதில்லை. கடந்த மூன்று நாளில் ஏதாவது ஒரு நாள் அந்த மலையில் 7 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தால், மழை விட்டபின் முழுசாக இரண்டு நாள் விடுவேன். 12 செ.மீ.க்கு மேல் என்றால் அந்த வாரமே வேண்டாம். பெய்த அளவு எங்கே கிடைக்கும்? சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் ஊர் வாரியாக வெளியிடுகிறது. காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரக் கணக்கு அது. அதாவது இன்றைய பட்டியலில் இருப்பது நேற்றுக் காலையிலிருந்து பெய்தது.

"ஓரிரு இடங்களில் கன மழை" என்றால் லேசான மழைதானே?

இந்தச் சொற்றொடரில் ஏமாறாத ஆளே கிடையாது. "ஓரிரு" என்பது இடத்தின் எண்ணிக்கை. மழையின் பலம் இல்லை. அந்தப் பகுதியில் இருக்கும் மழைமானிகளில் கால்வாசியோ அதற்குக் குறைவாகவோ நனையும் என்று பொருள். நனையும் இடம் நன்றாகவே நனையும். அந்த ஓரிரு இடத்தில் ஒன்று உங்கள் கொண்டை ஊசி வளைவாக இருக்கலாம்.

பலத்தைச் சொல்வது அடுத்த சொல். கன மழை என்றால் 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ.; மிக கன மழை 12 முதல் 20; அதி கன மழை அதற்கும் மேல். அறிக்கையைப் படிக்கும்போது இரண்டு சொல்லையும் தனித்தனியாகப் பிரித்துப் படியுங்கள்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை... எதில் போகலாம், எதில் கூடாது?

மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரம். நிர்வாகத்துக்கும் சேர்த்துச் சொல்லப்படும் நிறங்கள் இவை.

சுற்றுலா போகும் குடும்பத்துக்கு இதை நான் இப்படி மாற்றிக்கொள்வேன்: மஞ்சளில் பகலில் மட்டும் ஓட்டலாம், ஆனால் அதற்கு முந்தின நாள்களிலும் மழை பெய்திருந்தால் கிடையாது. ஆரஞ்சில் போகமாட்டேன். சிவப்பில் கேள்வியே இல்லை. சுற்றுலா இடங்களையும் மூடிவிடுவார்கள், போய் அறைக்குள் உட்கார்ந்து சீட்டு ஆடத்தான் முடியும். ஒன்று கவனியுங்கள்: போகும் ஊரின் மாவட்டத்தைப் பார்த்தால் போதாது. கொடைக்கானலுக்குத் திண்டுக்கல், ஏற்காட்டுக்குச் சேலம், ஏலகிரிக்குத் திருப்பத்தூர் என்று பார்த்துவிட்டு, வழியில் வரும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி நிறத்தையும் பார்த்துவிடுங்கள்.

போனில் இருக்கும் வானிலை ஆப் போதாதா?

வெப்பநிலைக்குப் போதும். மழைக்கு, மலையில், போதாது. பெரும்பாலான ஆப்கள் நிலப்பரப்பைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கின்றன. சமவெளியில் அது சரி. மலையில் ஒரே கட்டத்துக்குள் ஒரு சிகரம், ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு சரிவு எல்லாம் அடங்கிவிடும். திரையில் ஒரே ஒரு குட்டி மேகப் படம் வரும். அதை நம்பி ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனவர்கள் பலர்.

இந்திய வானிலைத் துறையின் 'மௌசம்' ஆப், மின்னலுக்கு 'தாமினி', மாநில அரசின் 'டிஎன் அலர்ட்' மூன்றும் என் போனில் இருக்கின்றன. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் பதிவுகளையும் சென்னையில் பாதிப் பேர் படிக்கிறோம், நானும் படிக்கிறேன். புரியும்படி எழுதுகிறார். ஆனால் போவதா வேண்டாமா என்ற முடிவுக்கு அரசின் எச்சரிக்கையைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ரேடார் படம் பார்க்கிறேன், சென்னை ரேடாரில் ஒன்றுமே தெரியவில்லையே?

தெரியாதுதான். ரேடார் கதிர் நேர்கோட்டில் போகப் போக, பூமியின் வளைவால் தரையிலிருந்து உயர்ந்துகொண்டே போகிறது. தூரத்தில் தாழ்வாக இருக்கும் மேகத்துக்கு மேலேயே அது கடந்துவிடும். சென்னை ரேடார் சென்னைச் சுற்றுவட்டாரத்துக்கு அருமை. நீலகிரி, வால்பாறைப் பக்கம் போவதாக இருந்தால் கொச்சி ரேடாரைத் திறந்து பாருங்கள்.

பாதை திறந்திருக்கிறதா என்று யாரிடம் கேட்பது?

தங்கும் விடுதியிடம் மட்டும் கேட்காதீர்கள். ஒரு முறை நான் கிளம்பும் முன் போன் செய்து கேட்டதற்கு, "க்ளைமேட் சூப்பரா இருக்கு சார், வாங்க" என்றார்கள். போய்ச் சேர்ந்தால் முந்தின நாள் விழுந்த மரத்தை அப்போதுதான் அறுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் வண்டிக்குள்ளேயே இருந்தோம். அவரையும் குறை சொல்ல முடியாது, கேன்சல் ஆனால் நஷ்டம் அவருக்குத்தானே. க்ளைமேட் சூப்பராகத்தான் இருந்தது. நான்தான் பாதை எப்படி என்று கேட்கவில்லை.

மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. சென்னையிலிருந்து அப்படியே அடித்தால் சென்னைக்குப் போய்விடும். அந்த ஊரின் எஸ்.டி.டி. எண்ணை முன்னால் சேர்க்க வேண்டும். ஊட்டிக்கு 0423, சேலத்துக்கு 0427, திண்டுக்கல்லுக்கு 0451. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. வழியில் தேசிய நெடுஞ்சாலையில் சிக்கல் என்றால் 1033.

போன் செய்யாமலே தெரிந்துகொள்ள சில அடையாளங்கள் உண்டு. நீலகிரி மலை ரயில் காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்புகிறதா? கல்லாறு தாண்டி தண்டவாளத்தில் மண் சரிந்ததால் ரயில் ரத்து என்று செய்தி வந்தால், அதே மலைச்சரிவில் ஏறும் குன்னூர் சாலையையும் சந்தேகப்படுங்கள். இன்னொன்று பள்ளி விடுமுறை. நம் ஊரில் பிள்ளைகள் "நாளைக்கு லீவா?" என்று கேட்பது வேறு ஆசையில். மலை மாவட்டத்தில் ஆட்சியர் மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தால், அங்கே பிள்ளைகளையே சாலைக்கு அனுப்பப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். நாம் எதற்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போக வேண்டும்?

எல்லாவற்றையும்விட நம்பகமானவர் அடிவாரத்தில் இருக்கிறார். மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ இப்போதுதான் மேலிருந்து இறங்கிய அரசுப் பேருந்து ஓட்டுநர். "அண்ணே, மேல பாதை எப்படி?" என்று கேளுங்கள். எந்த வளைவில் தண்ணீர் ஓடுகிறது, எங்கே ஒருவழியாக விடுகிறார்கள் என்று வளைவு எண்ணோடு சொல்வார்.

கூகுள் மேப் பச்சைக் கோடு காட்டுகிறதே?

அந்தச் சாலையில் போகும் போன்கள் எவ்வளவு வேகத்தில் நகர்கின்றன என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் அந்த நிறம் வருகிறது. மலையில் சிக்னல் இல்லாத இடம் நிறைய. இரவில் வண்டியும் குறைவு. வண்டியே போகாத, அடைபட்ட பாதை சில சமயம் நெரிசலே இல்லாத பாதை மாதிரித் தெரியும்.

குறுக்கு வழிக்கு ஆசைப்படுவதும் அதன் குணம். பெங்களூரு, மைசூரு வழியாக ஊட்டி போகிறவர்களுக்கு மசினகுடி–கல்லட்டி வழியைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான சாலை. அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து கீழே இறங்கத் தடை இருக்கிறது. பந்திப்பூர்–முதுமலை காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மேப் சொல்லும் நேரத்தை நம்பி 9.15க்கு அங்கே போய் நிற்காதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள், பெரிய சாலையை விட்டு இறங்காதீர்கள்.

இ-பாஸ் எடுத்துவிட்டேன். அப்போது பாதை திறந்திருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. மலைக்குப் போகும் வண்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அந்த அனுமதி நெரிசலைக் கட்டுப்படுத்துவதற்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கும் ஒருவழி ஏற்பாடும் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வால்பாறைக்குப் போவதாக இருந்தாலும் அதே இ-பாஸ் தளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

வெள்ளி இரவு ஆபீஸ் முடிந்து கிளம்பினால் விடியும்போது ஊட்டியில் இருக்கலாமே?

வானிலை சரி, பாதை சரி, ஓட்டுகிறவர்? பெருங்களத்தூரைத் தாண்டவே ஒரு மணி நேரம், பரனூர் டோலில் ஒரு வரிசை, அப்புறம் மேட்டுப்பாளையம் போக இன்னும் ஒன்பது மணி நேரம். விடியற்காலை நாலரைக்கு, தூக்கம் கண்ணைச் செருகும்போது, மூடுபனியில் பர்லியார் வளைவுகள். இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. யானை நடமாட்டமும் அந்த நேரத்தில்தான்.

சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏலகிரிக்குக் காலைச் சாப்பாட்டு நேரத்தில் போய்விடலாம். பொன்னேரி அடிவாரத்திலிருந்து 14 வளைவுதான். ஏற்காடு மதியத்துக்குள். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சேலத்திலோ திண்டுக்கல்லிலோ ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை ஏறுங்கள்.

மூடுபனி வந்துவிட்டால்?

ஹை பீம் போடாதீர்கள். வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி, எதிரில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், ஃபாக் லைட், மெதுவான வேகம், வளைவுக்கு முன் ஹாரன். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்? வண்டியை நிறுத்தினால் மட்டும் போடுங்கள். கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால், குளிராக இருந்தாலும் ஏ.சி.யைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் தெளிந்துவிடும்.

வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

டயர், வைப்பர், பிரேக். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் என்றால் 'எல்' அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுவது எப்படி என்று சென்னையிலேயே பழகிவிட்டு வாருங்கள். மின்சாரக் கார்க்காரர்கள் அடிவாரத்தில் சார்ஜ் போட்டு ஏறுங்கள், ஏற்றம் பேட்டரியைக் குடிக்கும். ஆனால் மேலே முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடமில்லை என்றால் இறக்கத்தில் மின்சாரம் திரும்ப ஏறாது, அந்த வேகத்தடுப்பும் குறைந்துவிடும்.

புக்கிங் பணம் போய்விடுமே, பிள்ளைகள் அழுமே?

போகும், அழும். போன நவம்பரில் எனக்கும் நடந்தது. ஏற்காட்டுக்குக் கிளம்பி ஆத்தூர் வரை போய்விட்டோம். அங்கே டீக்கடையில் நின்று பார்த்தால், சேலத்துக்கு மஞ்சள் ஆரஞ்சாக மாறியிருக்கிறது. முந்தின இரண்டு நாளும் மேலே நல்ல மழை. மனைவி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேணாங்க" என்றாள். விடுதிக்காரர் பாதிப் பணத்தை அடுத்த முறைக்கு வரவு வைத்துக்கொள்கிறேன் என்றார். கேட்டிருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. சேலம் டவுனிலேயே ஒரு ரூம் போட்டு, சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்ததும் சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டான். பெரியவள் மட்டும் வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. ஜனவரியில் மறுபடி கூட்டிப் போனேன்.